ஒரு நூல் இடம்

என் வீட்டுக்காரரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். டேப் தேவையில்லை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே இந்த மாதம் சதை போட்டிருக்கிறாரா, இளைத்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து கடையில் வாங்கிய பேன்ட் ஒன்றுகூட அவர் போட்டதில்லை. பஸ் ஓட்டப் போட்டுக்கொண்டு போகிற யூனிஃபார்ம் உட்பட எல்லாம் என் கத்தரியில் வெட்டி என் மெஷினில் ஓட்டியது. அப்படிப்பட்ட என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு எவளோ ஒருத்தி அவர் வயிற்றில் அளவெடுத்தாள். எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வயிற்றில் பை ஒட்டிவிடுவதும், ஒட்டக் கற்றுக்கொடுப்பதும்தான் அவள் வேலை. பெயர் என்னவோ இருக்கும். எனக்கு அவள் பைக்காரி. அழகியாக இருந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். அதுவும் இல்லை. என் வயதுதான் இருக்கும், குட்டையாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடப்பாள். அவரை ‘அண்ணா’ என்பாள், என்னை ‘அண்ணி’ என்பாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

முதலில் எல்லோரும் மூலம் என்றுதான் சொன்னார்கள். டிப்போவில் பாதி டிரைவர்களுக்கு அது உண்டு. நாள் முழுக்கச் சூடான சீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல், வருவதை அடக்கி அடக்கி வைத்தால் வேறென்ன வரும்? ரத்தம் போகிறது என்று இவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நடுவில் ஓட்டை விட்டு வட்டமாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். ‘எனக்கும் ஒண்ணு தைச்சுக் கொடுங்க’ என்று டிப்போவிலிருந்து நாலு பேர் என் தையல் கடையைத் தேடி வந்தார்கள். அந்த மெத்தையில் எனக்குப் பெருமையான பெருமை.

ஆனால் மூலத்துக்கு இப்படி நொடிக்கொரு தரம் ஓட வேண்டியதில்லையே. சளியும் ரத்தமுமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் போகிற ரூட்டில் எந்தக் கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது, எதில் தண்ணீர் வராது, எதில் கதவு சாத்தாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடுவார். உள்ளே இருக்கிறவர்கள் கத்துவார்கள். திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல் கியரைப் போடுவார்.

குழாய் விட்டுப் பார்த்த பெரிய டாக்டர் சுவரில் மாட்டியிருந்த படத்தில் பேனாவை ஓட்டிக் காட்டினார். பெருங்குடல் வயிற்றுக்கு ஓரம் அடித்த மாதிரி இருந்தது. வலது பக்கம் மேலே ஏறி, குறுக்கே ஓடி, இடது பக்கம் இறங்கி, ஒரு வளைவு வளைந்து மலக்குடலில் முடிந்தது.

“மூலம்னா இந்தக் கடைசியில இருக்கிற ரத்தக் குழாய் வீங்குறதும்மா. இது அது இல்ல. இவருக்கு இங்கேருந்து இதுவரைக்கும் உள்பக்கம் பூரா புண்ணு” என்றார்.

மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், அந்தப் புண் எதற்கும் மசியவில்லை. கடைசியில் பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வலது பக்க அடிவயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி வெளியே போகிற வழி அதுதான், ஆயுசுக்கும். அதன் மேல் ஒரு தகடு ஒட்டவேண்டும். மெத்தென்று தோல்மாதிரி இருக்கும், நடுவில் நாம் ஓட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். தகட்டில் பை. வருவது பையில் விழும்.

ஆபரேஷனுக்கு முன்னால் அந்த ஓட்டை எங்கே வரவேண்டும் என்று வயிற்றில் மை வைத்துக் குறித்தது பைக்காரிதான். உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லி, எங்கே மடிப்பு விழுகிறது, பெல்ட் எங்கே உட்காருகிறது என்று பார்த்தாளாம். நான் வராந்தாவில் பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பெல்ட் எங்கே உட்காரும் என்று என்னைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்தபிறகு அவர் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கு எண்ணெய் விட்டு, சரிசெய்து, உள்ளே போய்ப் போட்டுக்கொண்டார். சட்டையைக் கழற்றுவதில்லை. படுக்கும்போதும் பனியன். என் பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டுவிட்டார். நான் எதுவும் கேட்டால் ‘ஒண்ணுமில்ல, நீ தூங்கு’ என்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் மாப்பிள்ளை ஆகிவிடுவார். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம், போதாததற்கு சென்ட். ஒரு நாள் எங்கள் கடை வாசலைத் தாண்டி அப்படிப் போனார். என் கடையில் காஜா அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை எடுப்பது அவள் வேலை, ஊர்வம்பு பேசுவது அவள் உபதொழில்.

“என்னடி, உன் வீட்டுக்காரர் மணக்க மணக்கப் போறாரு? ஆஸ்பத்திரிக்கா, பொண்ணு பார்க்கவா?”

“வாயை மூடிக்கிட்டு காஜாவை எடு.”

“இல்ல, நான் சும்மா கேட்டேன்” என்று ஊசியில் நூல் கோத்தாள்.

அவள் சும்மாதான் கேட்டாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கத்தரியை வைத்துவிட்டு, அடுத்த ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைக்காரியின் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. அதை வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று! அவள் ஒரு அட்டையை அவர் வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் சின்னதும் பெரிசுமாக வட்ட ஓட்டைகள். அளவு பார்க்கிற அட்டை. டெய்லர் நான் இங்கே நிற்கிறேன், அளவெடுக்கிறது அவள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். “அட, அண்ணி! உள்ள வாங்க. நீங்களும் ஒரு தடவ பார்த்துக்கிட்டா நல்லதுதானே?”

அவர் சட்டையை வெடுக்கென்று கீழே இழுத்தார். “வேண்டாம் சிஸ்டர். அவ வேண்டாம்.”

அவ வேண்டாமாம். எவளோ ஒருத்தியின் எதிரில் என்னைச் சொன்னது. விறுவிறுவென்று நடந்தே கடைக்கு வந்தேன். அன்றைக்கு வெட்டிய இரண்டு பேன்ட்டும் பாழ்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“எவளுக்கோ காட்டுவீங்க, எனக்குக் காட்ட மாட்டீங்க. அப்படித்தானே?”

“அவங்க நர்ஸு.”

“நான் யாரு?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு ஷூவைக் கழற்ற அவ்வளவு நேரமா ஆகும்?

“கேக்குறேன்ல? அங்க என்ன சிரிப்பு? வீட்டுல மட்டும் ஊமையா? அவகிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இல்ல?”

“நீ ஒரு தையல் கோணினாலே பிரிச்சுத் தூக்கி எறியிறவ” என்றார் தரையைப் பார்த்தபடி. “என்னை இப்படிப் பார்த்தா...”

“பார்த்தா?”

“விடு.”

“விட மாட்டேன். நீங்க என்ன கஸ்டமர் துணியா, பிரிச்சுத் தூக்கி எறியிறதுக்கு? இனிமே நீங்க அந்த ரூமு பக்கம் போகக் கூடாது. நான் வெட்டுறேன், நான் ஒட்டுறேன். உங்க வயித்துக்கு அளவெடுக்க ஊர்ல வேற ஆளு வேண்டாம்.”

நான் அழுகிறேனா கத்துகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வா” என்றார்.

அதைப் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உள்பக்கத்தைப் போல இருந்தது. நான் பார்க்கும்போதே லேசாக அசைந்தது. அதைத் தொட்டாலும் வலிக்காது, அதற்கு அந்த உணர்ச்சி கிடையாது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை எழுதிய பையன் வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி. எனக்கு அருவருப்பு ஒன்றும் வரவில்லை. இதை அவள் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாளே என்றுதான் வந்தது. ஓரமாக சென்ட் பாட்டில் இருந்தது. வாடை வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் மனுஷன் அதை அடித்துக்கொண்டு போகிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

“அவ்வளவுதானா?” என்றேன். “இதுக்கா இந்த அமர்க்களம்? தகட்டைக் கொடுங்க.”

அவர் சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை, பாதி.

என் வளைவுக் கத்தரியை எடுத்துவந்தேன். கண்ணால் அளவு பார்த்தேன், போதும். பொத்தான் அளவுக்கே காஜா வெட்டினால் பொத்தான் நுழையுமா? கை நுழைகிற அளவுக்கே கைக்குழி வெட்டினால் கையைத் தூக்க முடியுமா? எதற்கும் கொஞ்சம் தளர்வு வேண்டும். அதை இறுக்கிப் பிடித்தால் பாவம், மூச்சு முட்டாதா? சுற்றிலும் சுண்டு விரல் அகலத்துக்குத் தாராளமாக இடம் விட்டு வெட்டினேன். வட்டம் என்றால் வட்டம், காம்பஸ் வைத்தால்கூட அப்படி வராது.

“சிஸ்டர் ஒட்டினாப்புல வெட்டுவாங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சிஸ்டர், சிஸ்டர், சிஸ்டர்! கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து கத்தரி பிடிக்கிறவ நான். எங்க இறுக்கணும், எங்க தளர்த்தணும்னு அவ எனக்குச் சொல்லணுமா? வேணும்னா அவகிட்டயே போங்க!”

“இல்ல, இல்ல. நீ ஒட்டு” என்றார்.

ஒட்டினேன். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன், சூட்டில்தான் பசை பிடிக்கும் என்றார். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என் தோளில் தலையைச் சாய்த்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, பெட்டியில் இருந்த தகடு எல்லாவற்றையும் அதே அளவில் வெட்டி அடுக்கி வைத்துவிட்டேன். ஸ்கூல் யூனிஃபார்ம் வந்தால் அடுக்கி வைத்து ஒரே அளவில் வெட்டுகிறவளாயிற்றே. அவர் இனி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அளவுக்காக எவள் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

கொஞ்ச நாளில் அவர் முகம் வாடிப் போயிற்று. சாப்பாட்டில் மனம் இல்லை. நிமிர்ந்து உட்கார மாட்டார், பக்கவாட்டில் சாய்ந்தே உட்காருவார். பேச்சுக் கொடுத்தால் பாதியில் கண்ணை மூடிக்கொள்வார். மறுபடியும் தாழ்ப்பாள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவளைப் பார்க்காத ஏக்கம். வேறென்ன?

“உள்ள போயி எதுக்குத் தாழ்ப்பாள்? நான்தான் பார்த்தாச்சே!” என்று கதவைத் தட்டினேன்.

“நீ கடைக்குக் கிளம்பு, லேட்டாவுது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அங்க போகலையேன்னு இருக்கா?”

“ஐயோ, இல்லம்மா.”

அந்த ‘ஐயோ’வில் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிற்று. நான் கடைக்குப் போனதும் போனில் அவளோடு பேசுகிறார் என்று தோன்றியது. தோன்றியது என்ன, முடிவே பண்ணிவிட்டேன். மறுநாள் மத்தியானம், மார்க்கர் சாக்பீஸை மறந்துவிட்டேன் என்று காஜா அக்காவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் குளியலறைக் கதவை அவர் திறந்தே வைத்திருந்தார். கையில் போன் இல்லை. சட்டை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மடித்த பேப்பரால் வயிற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “ஸ்... அம்மா... ஸ்” என்று பல்லிடுக்கில் முனகினார்.

அந்தச் சிவப்பைச் சுற்றித் தோல் உரிந்து, சதை தெரிய, நீர் கோத்து, ஒரு வளையம். வெளி ஓரம் வெட்டிய மாதிரி சுத்தமான வட்டம். அந்த வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் விட்ட தளர்வு எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்குத் தோல் வெந்து போயிருந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர் துண்டை எடுத்து மூடப் பார்த்தார். “ஒண்ணுமில்ல. லேசா அரிப்பு. சரியாயிடும்.”

வழிக்கு அவசரமாக ஒரு தகட்டை ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒரு பேன்ட்டை எடுத்துக் கொடுத்தேன், ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

பைக்காரி தகட்டைப் பிரித்துப் பார்த்ததும் கண்ணாடியை மேலே ஏற்றினாள். “ஐயையோ, என்ன அண்ணா இது? யாரு வெட்டினது?”

“நான்தான் சிஸ்டர்” என்றார் அவர். “கை நடுங்கிடுச்சு. கொஞ்சம் பெரிசா வெட்டிட்டேன்.”

அவள் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டினாள். “நீங்க வெட்டினா எலி கடிச்ச மாதிரி இருக்கும், எனக்குத் தெரியாதா? இது என்ன அழகா வந்திருக்கு!” என்றவள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் கைவேலை எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அந்த நிலைமையிலும் எனக்கு அது சுருக்கென்றது.

“நான்தான் வெட்டினேன்” என்றேன். “தளர்வா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவளோ புண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். “சிறுகுடல்லேருந்து வர்றதுல செரிக்க வைக்கிற நீர் இருக்கும் அண்ணி. சோறுன்னும் தோலுன்னும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. தோல் வெளிய தெரிஞ்சா அதையும் செரிச்சிடப் பார்க்கும். அதனால சுத்தி ஒரு நூல் இடம்தான் விடணும். அப்புறம், ஆபரேஷன் ஆனப்ப வீங்கி இருக்குமில்ல, நாளாக ஆக சுருங்கிக்கிட்டே வரும். அதான் ஒவ்வொரு தடவையும் அளவு பார்த்து வெட்டச் சொல்றது.”

ஒரு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் தொழிலில் பேசுகிற அளவை அவள் வாயால் கேட்டேன்.

புண்ணில் பவுடரைத் தூவி, ஊதிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். “தீயை வச்ச மாதிரி எரிஞ்சிருக்குமே! இத்தனை நாளா எப்படி அண்ணா பொறுத்துக்கிட்டு இருந்தீங்க? வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிஸ்டர் அவ என் பக்கத்துல உக்காந்தா” என்றார். “எரியுதுன்னு சொன்னா எழுந்து போயிடுவா.”

பைக்காரி பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்த வார்த்தைக்காக நான் இவ்வளவு நாளாக அடித்துக்கொண்டேனோ, அந்த வார்த்தையைக்கூட மனுஷன் என்னிடம் சொல்லவில்லை. அவளிடம்தான் சொன்னார். என் வயிற்றெரிச்சல் அந்த நிமிஷமும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் துடைக்கவும் வேண்டியிருந்தது.

அவளே ஒரு தகட்டை வெட்டி ஒட்டிவிட்டாள். என்னை விட நிதானமாகத்தான் வெட்டினாள், என்னைப் போல வட்டம் வரவில்லை. கிளம்பும்போது ஓட்டை போட்ட அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தாள். “அடுத்த தடவை நீங்க வெட்டுங்க அண்ணி. உங்க கை எனக்கு வராது.” எனக்கு இப்போதும் அவளைப் பிடிக்காது. அட்டையை வாங்கிக்கொண்டேன்.

தகடு மாற்றுகிற நாள் வந்தது. காலையில் கடை திறக்கப் போகாமல் ஜன்னலைத் திறந்துவைத்து, அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அடுக்கி வைத்திருந்த பழைய தகடுகளை எல்லாம் குப்பையில் போட்டாயிற்று. அட்டையை வைத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை பெரிது, அதற்கு அடுத்தது சரியாக உட்கார்ந்தது. ஒரு நூல் இடம் விட்டு வெட்டினேன். புண் பாதி காய்ந்திருந்தது, பாதி இன்னும் சிவந்து கிடந்தது. தகட்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சரிசெய்துகொண்டார்.

“எரியுதா?”

“இல்ல.”

“எரியுதான்னு கேட்டேன்.”

“...கொஞ்சம்.”

“எரிஞ்சா யாருகிட்ட சொல்லணும்?”

“உன்கிட்ட.”

“முதல்ல யாருகிட்ட?”

“முதல்ல உன்கிட்டதான்” என்றார். கூரையைப் பார்த்தபடியே, “சொன்னா எழுந்து போயிட மாட்டியே?” என்று கேட்டார்.

“போக மாட்டேன். இங்கயே உக்காந்து திட்டுவேன்.”

அவர் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க. தகடு இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, வயிறு குலுங்கினால் விட்டுவிடும்.

“சிரிக்காதீங்க, அசையாதீங்க” என்று அதட்டிவிட்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.